கைபேசி கேட்கும் முன் நீங்கள் கேளுங்கள்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, முடிவும் வந்தாயிற்று. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். வீட்டார் எல்லாரும் சூழ்ந்து நிற்க, நீங்கள் அந்தச் சிறிய அட்டைப் பெட்டியைத் திறக்கிறீர்கள். உள்ளே உங்கள் முதல் திறன்பேசி! சிலருக்கு அது பெட்டியில் வருவதில்லை. அக்காவோ மாமாவோ புதியது வாங்கிக்கொண்டபின், அவர்களுடைய பழைய ‘டச் போன்’ கைக்கு வரும். எப்படி வந்தால் என்ன? மகிழ்ச்சி ஒன்றுதான்.

பொத்தானை அழுத்துகிறீர்கள், திரை ஒளிர்கிறது. அதன் பிறகு நடப்பதைச் சற்றே கவனியுங்கள். கைபேசி உங்களைக் கேள்வி கேட்கத் தொடங்குகிறது. எந்த மொழி? பெயர் என்ன? பிறந்த தேதி என்ன? நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா? தொடர்பு எண்களைப் பார்க்கலாமா? ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா? அறிவிப்புகள் அனுப்பலாமா? நீங்களோ அவசரத்தில் இருக்கிறீர்கள். “அனுமதி”, “ஏற்கிறேன்”, “அடுத்து” என்று தொட்டுக்கொண்டே போகிறீர்கள். பத்து நிமிடங்களுக்குள் அது கேட்ட கேள்விகள் பல. நீங்கள் அதனிடம் கேட்டது ஒன்றுமே இல்லை.

இந்த முறையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. கைபேசி வந்த முதல் வாரம் முழுவதும் கேள்வி கேட்பவர் நீங்களாக இருங்கள். விளையாட்டும் வீடியோவும் ஒரு வாரம் காத்திருந்தால் ஓடிப்போய்விடாது. ஆனால் முதல் நாளில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த ‘அனுமதி’கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிடும். ஏனெனில் அவற்றைத் திரும்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

இரண்டு கட்சிகள்

மாணவர் கையில் கைபேசி இருக்கலாமா என்ற பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் உருவாகின்றன. “தொடவே கூடாது, படிப்பு கெட்டுவிடும்” என்பது ஒரு கட்சி. “காலம் மாறிவிட்டது, கொடுத்துவிட வேண்டியதுதான், தானாகக் கற்றுக்கொள்வார்கள்” என்பது இன்னொரு கட்சி. இவ்விரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் மிதிவண்டி கற்ற நாளை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். தடை எங்கே, சங்கிலி கழன்றால் எப்படி மாட்டுவது என்று காட்டிக் கொடுத்தார். பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கியைத் தொடும் முன், அதன் பாகங்களின் பெயரைச் சொல்லச் சொன்னார் ஆசிரியர். விழுந்தால் முட்டி சிராயும் மிதிவண்டிக்கும், கண்ணாடி உடையக்கூடிய நுண்ணோக்கிக்கும் இவ்வளவு முன்னேற்பாடு செய்கிறோம். வங்கிக் கணக்கு, குடும்பப் புகைப்படங்கள், நண்பர்களின் எண்கள் எல்லாவற்றையும் தாங்கும் கருவியை மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல் கையில் கொடுத்துவிடுகிறோம். தடை செய்வதால் இக்குறை தீராது. வெறுமனே கொடுப்பதாலும் தீராது. பழக்கிக் கொடுக்க வேண்டும். பழக்க ஆள் இல்லையென்றால் நீங்களே பழகிக்கொள்ள வேண்டும். அதற்கு அறிவியல் மாணவருக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. அதுதான் சோதனை.

முதல் நாள்: விரலும் கரண்டியும்

முதல் கேள்வியை எளிதாகவே தொடங்குவோம். திரை உங்கள் விரலை எப்படி அறிகிறது? அழுத்தத்தாலா, வெப்பத்தாலா, வேறு எதனாலோ?

மரப் பென்சிலின் சீவாத முனையால் திரையை மெதுவாகத் தொடுங்கள். ஒன்றும் நடக்காது. சற்றே அழுத்தினாலும் நடக்காது. ஆகவே அழுத்தம் காரணமில்லை. எவர்சில்வர் கரண்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் வளைந்த முதுகால் கீறல் படாமல் தொடுங்கள். பெரும்பாலும் திரை இணங்கிவிடும்! கரண்டி குளிர்ந்துதான் இருக்கிறது. ஆகவே வெப்பமும் காரணமில்லை. அதே கரண்டியின் காம்பைத் தடித்த உலர்ந்த துணியால் சுற்றிப் பிடித்துத் தொட்டுப் பாருங்கள். இப்போது திரை தயங்கும்.

விடை மின்னூட்டத்தில் இருக்கிறது. திரைக்கு அடியில் ஒளி புகும் மின்கடத்திக் கோடுகள் வலைபோல் ஓடுகின்றன. அவற்றில் சிறிதளவு மின்னூட்டம் எப்போதும் தேங்கி நிற்கிறது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும். ஆகையால் விரல் நெருங்கியதும் அவ்விடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. எந்தக் கோடும் எந்தக் கோடும் வெட்டும் இடத்தில் மாறியது என்று கணக்கிட்டு, விரல் நிற்கும் புள்ளியைக் கைபேசி அறிந்துகொள்கிறது. மழைத்துளி விழுந்த திரை தானாகவே எதையெதையோ திறப்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும்.

அதே நாளில் இன்னொன்றும் செய்யலாம். வெண்மையான பக்கம் ஒன்றைத் திரையில் வரச் செய்து, குண்டூசி முனையால் எடுத்த மிகச் சிறிய நீர்த்துளியை அதன்மேல் வையுங்கள். துளி ஓர் உருப்பெருக்கி ஆகிவிடும். வெண்மை மறைந்து சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். அந்தத் திரையில் வெள்ளை என்று தனியாக ஒரு நிறமே இல்லை! கண்டு முடித்ததும் துளியைத் துடைத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: விழும் கைபேசி

உங்கள் கைபேசிக்குள் சில உணரிகள் இருக்கின்றன. பெரும்பாலான கைபேசிகளில் முடுக்கத்தை அளப்பது ஒன்று, காந்தப்புலத்தை அளப்பது ஒன்று, ஒளியை அளப்பது ஒன்று இருக்கும். இவற்றின் அளவீடுகளை அப்படியே காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. அவற்றுள் ‘ஃபைஃபாக்ஸ்’ என்பதை நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். ஜெர்மனியில் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்டது அது.

அதில் ஈர்ப்புடன் கூடிய முடுக்கத்தை அளக்கும் பகுதியைத் திறந்து, கைபேசியை மேசைமேல் படுக்க வையுங்கள். கைபேசி அசையவில்லை. ஆனாலும் மூன்று திசைகளுள் ஒன்றில் ஏறக்குறைய 9.8 என்ற எண் நிற்கும். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த அதே 9.8! கைபேசியை நிமிர்த்தி வையுங்கள். அந்த எண் வேறு திசைக்கு மாறிவிடும். படத்தைக் குறுக்கே திருப்பினால் திரையும் திரும்பிக்கொள்வது இதனால்தான்.

அடுத்ததைப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தடித்த மெத்தைக்கு மேல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் கைபேசியைப் பிடித்து, பதிவைத் தொடங்கிவிட்டு, கையை விடுங்கள். பிறகு வரைகோட்டைப் பாருங்கள். விழுந்துகொண்டிருந்த நேரத்தில் 9.8 மறைந்து, கோடு பூச்சியத்தை ஒட்டி ஓடியிருக்கும். அவ்வாறு ஓடிய நேரம் சுமார் 0.3 வினாடி. வீழ்ச்சிச் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதே விடை வரும்.

விழும்போதுதானே வேகம் கூடுகிறது, பின் ஏன் பூச்சியம் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அந்த உணரிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிலிக்கன் எடை ஒன்று, சிலிக்கன் சுருள்களில் தொங்குகிறது. மேசைமேல் இருக்கும்போது எடை சுருளை இழுக்கிறது. விழும்போது எடையும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்தே விழுகின்றன. ஒன்றை ஒன்று இழுக்க வழியில்லை. ஆகவே உணரி பூச்சியம் காட்டுகிறது. விண்வெளிக் கலத்தில் வீரர்கள் மிதப்பதும் இதே காரணத்தால்தான்.

காந்த உணரியையும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்களில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இரும்பு பீரோவின் அருகே கொண்டுபோனால் எண் எப்படித் துள்ளுகிறது என்று பாருங்கள்.

மூன்றாம் நாள்: இடம் அறியும் விதம்

“செயற்கைக்கோள் வானத்திலிருந்து நம்மைப் பார்த்து, நாம் இருக்கும் இடத்தைச் சொல்கிறது.” பெரியவர்கள் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். இது தவறு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை செய்வதெல்லாம், “நான் இன்ன செயற்கைக்கோள், இப்போது மணி இவ்வளவு” என்று வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருப்பதுதான். அந்தச் செய்தி நம்மை வந்து சேர ஒரு வினாடியில் சுமார் 15-ல் ஒரு பங்கு ஆகிறது. கிளம்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால், கைபேசி தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும். மேலே உள்ள கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை சொல்கிறது. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும்! நீங்கள் பேருந்து நிறுத்தத்தைத் தேடும் ஒவ்வொரு முறையும் சார்பியல் கொள்கை உங்களுக்காக வேலை செய்கிறது.

இதைச் சோதிக்கவும் வழி உண்டு. திறந்த வெளிக்குச் சென்று கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். அது எதையும் அனுப்பாது. இப்போது ஃபைஃபாக்ஸில் இடம் அறியும் பகுதியைத் திறங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும்; ஆனால் பெரும்பாலான கைபேசிகளில் அகலாங்கும் நெட்டாங்கும் வந்துவிடும். அனுப்பாமல், வாங்கி மட்டுமே இடத்தை அறிந்திருக்கிறது உங்கள் கைபேசி.

அந்தப் பகுதியைத் திறந்தபோது ஒரு சிறிய பெட்டி தோன்றியிருக்குமே, கவனித்தீர்களா? “இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?” முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட அதே கேள்வி. இன்று அது எதைக் கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்த வேறுபாட்டுக்காகத்தான் இவ்வளவு சுற்றி வந்தோம்.

கைவிளக்குக்கு ஏன் உங்கள் முகவரி?

செயற்கைக்கோளுக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கு அழைப்பைக் கொண்டுவர வேண்டியிருப்பதால், நீங்கள் எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறீர்கள் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். அதற்கு மேல், நீங்கள் எந்தத் தெருவில் எந்த வீட்டின் முன் நிற்கிறீர்கள் என்ற நுட்பமான செய்தி உங்கள் கைபேசிக்குள் இருக்கிறது. அது வெளியே போக வேண்டுமானால் ஏதாவது ஒரு செயலி அதை எடுத்துச் செல்ல வேண்டும். அந்த வாசலின் தாழ்ப்பாள்தான் ‘அனுமதி’.

2015ஆம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்புக்கு முன், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் செயலியை நிறுவும்போதே எல்லாவற்றுக்கும் ஒட்டுமொத்தமாகச் சரி சொல்ல வேண்டியிருந்தது. ‘பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்’ என்ற கைவிளக்குச் செயலி அக்காலத்தில் மிகவும் பரவியிருந்தது. கைபேசியின் விளக்கை எரிய வைப்பது அதன் வேலை. ஆனால் அது பயனாளரின் துல்லியமான இருப்பிடத்தையும், கருவியின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்கள் உள்ளிட்ட பிறருக்கு அனுப்பி வந்தது. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. விளக்கு எரிய உங்கள் முகவரி எதற்கு? இந்தக் கேள்வியைப் பயனாளர்கள் முதல் நாளே கேட்டிருந்தால், ஆணையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

இன்று ஒவ்வோர் அனுமதியையும் தனித்தனியே கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்பவும் பெறலாம். அமைப்புகள் பகுதியில் அனுமதிகளின் பட்டியல் இருக்கிறது. நான்காம் நாளை இதற்கு ஒதுக்குங்கள். பட்டியலில் உள்ள செயலிகளை ஒவ்வொன்றாக எடுத்து, “உன் வேலை என்ன? அந்த வேலைக்கு இது தேவையா?” என்று கேளுங்கள். வரைபடத்துக்கு இருப்பிடம் தேவை. ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுத்தால் போதும். கணிப்பானுக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. விளையாட்டுக்கு ஒலிவாங்கி வேண்டுமா? ஐயமாக இருந்தால் மறுத்துவிடுங்கள். உண்மையிலேயே தேவையானால் செயலி திரும்பக் கேட்கும்.

நம் நாட்டின் நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. அது 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆயினும் பதினைந்து வயதில் பதினெட்டு என்று பொய்யாகப் பிறந்த ஆண்டைப் பதிந்தால், அந்தக் குடையை நாமே மடக்கி வைத்துவிட்டு மழையில் நிற்பதாகும்.

புறாவும் மணியோசையும்

ஐந்தாம் நாள் நாம் கேட்க வேண்டிய கேள்வி கைபேசியைப் பற்றியது மட்டுமன்று, நம்மைப் பற்றியதும்கூட. ஐந்து நிமிடம் என்று எடுத்தது ஒரு மணி நேரமானது எப்படி?

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பல சோதனைகள் செய்தார். ஒரு வட்டைக் கொத்தினால் தானியம் விழும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கொத்தினால்தான் தானியம் என்று வைத்தால், புறா தின்றபின் சற்று ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி வைத்தால்? ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும்! 1957ஆம் ஆண்டு ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் இம்முடிவுகளை நூலாகவே வெளியிட்டனர்.

இப்போது உங்கள் கைபேசியின் ‘டிங்’ ஓசையை எண்ணிப் பாருங்கள். சில முறை நண்பனின் செய்தி. பல முறை ஏதோ தள்ளுபடி விளம்பரம். எது வரும் என்று தெரியாததால்தான் ஒவ்வொரு முறையும் கை போகிறது. இத்துடன் முடிவில்லாப் பக்கம் வேறு. புத்தகத்தில் அத்தியாயம் முடியும். செய்தித்தாளில் பக்கம் முடியும். கீழே போகப் போகத் தானாக நீளும் பக்கத்தை 2006ஆம் ஆண்டு வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். நிறுத்த நினைக்கும் இடத்தையே எடுத்துவிட்ட அந்த வடிவமைப்புக்காகப் பிற்காலத்தில் அவரே வருத்தம் தெரிவித்தார்.

ஆகவே “உனக்கு மன உறுதி இல்லை” என்று யாராவது உங்களைத் திட்டினால், அது பாதி உண்மைதான். எதிர்ப்பக்கத்தில் உங்கள் கவனத்தைப் பிடித்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட திறமையான பொறியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் நேரம்தான் அங்கே விற்பனைப் பொருள். அவர்களுடன் மன உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பது கடினம். விளையாட்டின் விதியையே மாற்றிவிடுவது எளிது. எல்லா அறிவிப்புகளையும் முதலில் நிறுத்திவிடுங்கள். பிறகு மனிதர்களிடமிருந்து உங்களுக்கென்றே வரும் அழைப்பு, செய்தி ஆகியவற்றுக்கு மட்டும் ஓசையைக் கொடுங்கள். செயலிகள் காத்திருக்கட்டும்.

கூடவே ஒரு சோதனை. ஒரு குறிப்பேட்டில், ஒவ்வொரு முறை கைபேசியைக் கையில் எடுக்கும்போதும் ஒரு கோடு போடுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்பதையும் ஒரே சொல்லில் எழுதுங்கள்: ‘அழைப்பு’, ‘பாடம்’, ‘சும்மா’. அறிவிப்புகள் ஓசையிட்ட நாளில் எத்தனை கோடு, ஓசை அடங்கிய நாளில் எத்தனை கோடு? வரைபடம் போடுங்கள். என் சொல்லை நம்ப வேண்டாம்; உங்கள் வரைபடத்தை நம்புங்கள்.

ஆறு இலக்கங்கள்

இனி நான் சொல்லப்போவது சற்று வருத்தமானது. நான் ஆசிரியராக இருக்கும் ஊரில், ஒன்பதாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன். வீட்டில் கைபேசி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பாட்டிக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியச் செய்தியைப் படித்துச் சொல்வது, எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வது, மின்கட்டணம் கட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. ஒரு நாள் வங்கியிலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு. “உங்கள் ஓய்வூதியம் நின்றுவிடும். இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்றார்கள். பாட்டி பதறிப்போய், “என்னவோ கேக்குறாங்க, பாருப்பா” என்று கைபேசியை அவனிடம் கொடுத்தார். அவன் ஆறு இலக்கங்களைப் படித்துச் சொன்னான். சிறிது நேரத்தில் கணக்கில் இருந்த பணம் போய்விட்டது. இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. “எண்ணைக் கேட்டாங்க சார், சொல்லிட்டேன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவனை நான் குறை கூறமாட்டேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் பள்ளியில் நாங்கள் பழக்கியிருந்தோம். “நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்கப் பழக்கவில்லை.

உங்களில் பலர் இதே நிலையில்தான் இருக்கிறீர்கள். கைபேசி உங்களுடையது, ஆனால் அதன் வழியாகப் போய்வருவது குடும்பத்தின் பணம். ஆகவே ஆறாம் நாளில் சிலவற்றை நீங்களும் அறிந்து, வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஓ.டி.பி. என்பது ஒரு முறை மட்டும் பயன்படும் சாவி. கேட்பவர் யாராயினும் சொல்லக்கூடாது. யு.பி.ஐ. பின் எண் பணம் அனுப்பத்தான் தேவை. பணம் பெறுவதற்குத் தேவையே இல்லை. “பணம் வருகிறது, பின் எண்ணைப் போடுங்கள்” என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார். காவல் அதிகாரிபோல் உடையணிந்து வீடியோவில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினாலும் அஞ்ச வேண்டாம். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். விரைவாகச் சொன்னால் பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

சொல்லிக் கொடுக்கும்போது ஒரு வேண்டுகோள். “உங்களுக்குத் தெரியாது, கொடுங்க பாட்டி” என்று கைபேசியைப் பிடுங்கிவிடாதீர்கள். “நீங்களே தொடுங்க பாட்டி, நான் பக்கத்துல இருக்கேன்” என்று சொல்லுங்கள். மிதிவண்டியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த இடம் உங்களுடையது.

பெற்றோருக்கும் ஒரு சொல். அண்ணனுக்குக் கைபேசி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தங்கைக்கு மட்டும் “உனக்கு எதற்கு?” என்று கேட்கும் வீடுகள் இன்றும் உண்டு. மேலே சொன்ன சோதனைகளில் எதுவும் ஆண்பிள்ளைகள் செய்தால் மட்டும் பலிப்பதன்று. தங்கைக்குத் தனியாக ஒன்று வாங்க முடியாவிட்டாலும், ஒரே கைபேசியில் இருவரும் சமமாகப் பழகலாம்.

கைமாறி வந்த கைபேசி

பழைய கைபேசி கிடைத்தவர்கள் மனம் தளர வேண்டாம். விழும் சோதனையும் நீர்த்துளிச் சோதனையும் அதிலும் நடக்கும். முந்தையவரின் கணக்குகளை நீக்கச் சொல்லி, அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, புதிதாகத் தொடங்குங்கள். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கைபேசி தொலைந்தால் அதை முடக்க அந்த எண் உதவும். கடையில் பழையதை வாங்குவதானால், அது திருட்டுப்பொருள் என்று முடக்கப்பட்டதா என்பதை அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் இதே எண்ணைக் கொண்டு முன்கூட்டியே பார்க்கலாம்.

உள்ளே இருப்பது லித்தியம் அயனி மின்கலம். அதை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மின்கலத்துக்குப் பகை வெப்பம். தலையணைக்கு அடியிலும் வெயில் படும் இடத்திலும் வைத்து மின்னேற்றாதீர்கள். உப்பியிருந்தால் பயன்படுத்தாமல் உடனே மாற்றிவிடுங்கள்.

ஏழாம் நாள்

ஏழாம் நாள் வந்தாயிற்று. இனி விளையாடுங்கள், பாட்டுக் கேளுங்கள், படம் பாருங்கள். நான் தடுக்கமாட்டேன். மகிழ்ச்சிக்காக வாங்கிய பொருள் மகிழ்ச்சியைத் தரட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வாரத்துக்கு முன் அது உங்களுக்கு ஒளிரும் கண்ணாடிப் பலகை. இன்று அதன் திரை எப்படி உங்களை உணர்கிறது, எப்படி இடம் அறிகிறது, யாருக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது, எந்த ஓசை யாருக்காக ஒலிக்கிறது என்று உங்களால் பிறருக்கு எடுத்துச் சொல்ல முடியும். கடைக்காரர் தந்த விலைச்சீட்டு உங்கள் அப்பாவின் பெயரில் இருக்கலாம். அந்தக் கருவி உங்களுடையதானது இந்த ஒரு வாரத்தில்தான்.

அறிவியல் நமக்குக் கற்றுத்தரும் முதல் பழக்கம் கேள்வி கேட்பது. அதை ஆய்வகத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. அடுத்த முறை திரையில் ஒரு பெட்டி தோன்றி “அனுமதிக்கிறீர்களா?” என்று கேட்கும்போது, உங்கள் விரல் ஒரு நொடி நிற்கட்டும். அந்த ஒரு நொடியில் “ஏன்?” என்று கேளுங்கள்.